ஒன்பது தலைக்கு ஒரே கத்தி

ரத்தம் கொடுத்தால் எவர்சில்வர் டிபன் டப்பா தருகிறார்கள் என்று சொன்னதால்தான் நான் ரத்தம் கொடுத்தேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் ஒரு கம்பெனியின் கேன்டீனில் நான் அப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். செல்போன் எங்கள் தெருவில் ஒன்றிரண்டு பேர் கைக்கு வர ஆரம்பித்திருந்த காலம். எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கம்பெனியில் ரத்ததான முகாம் போட்டார்கள். வரிசையில் நின்ற பொம்பளை நான் ஒருத்திதான். தலையைக் குனிந்தபடியே போய்ப் படுத்தேன். தலையைக் குனிந்தபடியே எழுந்து, மூன்றடுக்கு டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனிக்கு ஒரு கடிதம் வந்தது. ஆபீஸ் குமாஸ்தா என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, படித்துச் சொன்னார். என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றக் கூடாதாம். கல்லீரலைக் கெடுக்கும் கிருமி அதில் இருக்கிறதாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டுமாம். நான் முதலில் கேட்டது, டப்பாவைத் திருப்பித் தர வேண்டுமா என்பதுதான். அவர் கடிதத்தை இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றார்.

என் கண் மஞ்சளாக இல்லை. சோறு நன்றாக இறங்கியது. ஆனாலும் மகன் லீவு போட்டுவிட்டுச் சென்னைக்கு ரயிலில் அழைத்துப்போனான். ஒரு முறை போனால் முடியும் என்று நினைத்தோம். நான்கு முறை போனோம். ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுத்தார்கள். ஒருவரும் டப்பா தரவில்லை.

நான்காம் முறை ஒரு லேடி டாக்டர் என்னை உட்கார வைத்துப் பேசினார். என் மகன் வயசு இருக்கும். என் உடம்பில் பி என்று ஒரு கிருமி இருக்கிறது, அது பல பேருக்கு இருக்கிறதுதான். ஆனால் அதோடு டி என்று இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் அபூர்வம் என்றார். டி தனியாகப் பிழைக்காதாம். பி இருக்கிற உடம்பில்தான் அதனால் தங்க முடியுமாம். எங்கள் கம்பெனி பஸ்ஸில் பாஸ் இருக்கிறவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு பாஸ் இல்லாதவன் ஏறிவிடுவான். உள்ளே வந்த பிறகு ஜன்னல் சீட்டு கேட்டுச் சண்டை போடுகிறவன் அவன்தான். அந்த மாதிரி என்று எனக்கு விளங்கியது. டி வந்து சேர்ந்துவிட்டால் ஈரல் சீக்கிரம் கெடுமாம். அதற்கென்று தனித் தடுப்பூசி கிடையாதாம். ஆனால் பி-க்கு இருக்கிறது. பி-யை ஏறவிடாமல் வாசலிலேயே நிறுத்திவிட்டால், டி-க்கு ஒட்டிக்கொள்ள முதுகே இருக்காது.

அபூர்வம் என்று ஆகிவிட்டதால் என்னைப் பார்க்க டாக்டருக்குப் படிக்கிற எட்டுப் பேர் வந்தார்கள். பிளவுஸ் தைக்க டெய்லரிடம்கூட அளவு கொடுக்காமல் பழைய பிளவுஸையே கொடுத்தனுப்புகிறவள் நான். என்னைப் படுக்க வைத்து, எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராக வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்து, மூச்சை இழுங்கம்மா, விடுங்கம்மா என்றார்கள். ஆறாவது பையன் கை சில்லென்று இருந்தது. நான் கூரையில் ஓடுகிற மின்விசிறியின் இறக்கையையே எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றுதான் இருந்தது. திரும்பத் திரும்ப எண்ணினேன்.

அவர்கள் நிற்கும்போதே லேடி டாக்டர், இது எப்படியெல்லாம் பரவும் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். ஒன்றாகச் சாப்பிட்டால் வராது. தொட்டால், இருமினால், பக்கத்தில் படுத்தால் வராது. ரத்தம் வழியாகத்தான் வரும். ஒன்று, ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது. இரண்டு, பிளேடு, நகவெட்டி. காய்ந்த ரத்தத்தில்கூட அது ஒரு வாரம் உயிரோடு இருக்கும். மூன்று, பல் தேய்க்கும் பிரஷ். நான்கு, புருஷன் பெண்டாட்டி உறவு.

அதைச் சொல்லிவிட்டு, உங்க வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டார். லாரி ஓட்டினார், இறந்து பதினோரு வருஷம் ஆகிறது என்றேன். எப்படி இறந்தார் என்றார். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, என்றேன். குடிப்பாரா என்றார். திருவிழாவுக்குக் குடிப்பார் என்றேன். அவர் சீட்டில் ஒரு வரி எழுதினார். குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்டு செத்தான் என்று ஊரே என் புருஷனைப் பேசியது. அவருடைய சொந்த அக்காவே பேசினார். அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகு எனக்கு வேறு மாதிரி தோன்றியது.

"வீட்ல இருக்கிற எல்லாரும் ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கணும்மா. கிருமி இல்லாதவங்க மூணு ஊசி போட்டுக்கணும். இன்னிக்கு ஒண்ணு, ஒரு மாசத்துல ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு. போய் எல்லார்கிட்டயும் சொல்லுங்க. சொல்வீங்கல்ல?"

தலையை ஆட்டினேன்.

வெளியே மகன் டீயில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். "இன்னாமா சொன்னாங்க?" என்றான். ஒன்றிலிருந்து மூன்று வரை சொல்லிவிடலாம். ஆனால் மூன்றோடு நிறுத்தினால், உனக்கு எப்படி வந்தது என்று கேட்பான். பெற்ற பிள்ளையிடம் நான்காவதை எந்த வாயால் சொல்வது? ஈரலில் ஏதோ கிருமியாம், அபூர்வமாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். ரயில் மீஞ்சூர் வரும்போது ஒரு முறை வாயைத் திறந்தேன். வேர்க்கடலைக்காரர் குறுக்கே வந்தார். மூடிக்கொண்டேன். இது நான் செய்த தப்பு. அந்த வீட்டில் எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்று இருந்தது, என் மகன் பெற்றது. பி-க்கான மூன்று ஊசியில் அதற்கு ஒன்றுதான் போட்டிருந்தது. காய்ச்சல் வந்ததில் மற்ற இரண்டும் நின்றுபோயிருந்தன. அது தெரிந்தும் மூடிக்கொண்டேன்.

வீட்டில் எல்லாம் நாத்தனார் வைத்ததுதான் சட்டம். என் புருஷனுக்கு மூத்தவர். சுவருக்கு அந்தப் பக்கம் புருஷனோடும் இரண்டு மகன்களோடும் குடியிருந்தார். ஆனால் இந்தப் பக்கம்தான் இருப்பார். நான் ஒன்றும் சொல்லாததால் அவரே ஒரு சட்டம் போட்டார். என் தட்டு தனி, டம்ளர் தனி. டம்ளரில் அடையாளத்துக்கு நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு. என் துணி தனிக் கொடியில். டி.வி. பார்க்கும்போது நான் இரண்டு கை தூரம் தள்ளி உட்கார வேண்டும். குழந்தையைத் தூக்கக் கூடாது. அதே வாயால் தெருவில் பெருமையும் பேசினார். எதிர் வீட்டுக்காரி தன் ஆஸ்துமாவைப் பற்றி ஏதோ சொல்ல வந்தபோது, "எங்க ஊட்ல எட்டு டாக்டரு வந்து கைய வச்சி பாத்தாங்க. ஒனக்கு எத்தினி பேரு வந்தாங்க?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

தட்டையும் டம்ளரையும் இப்படிக் காத்தவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் ஒரே ஒரு பிளேடு வைத்திருந்தார்கள். பாதி காகிதம் சுற்றி இருக்கும். இரண்டு வீட்டுக்கும் அதுதான். நாத்தனார் அதில் கால் ஆணி சீவுவார். அவர் மகன்கள் மீசையை ஒதுக்குவார்கள். நான் பிளவுஸ் தையல் பிரிப்பேன், விரலையும் கிழித்துக்கொள்வேன். மருமகள் எதற்கோ எடுப்பாள், வைப்பாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே அந்த பிளேடை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கம்பெனி உலைக்குப் போகிற இரும்புக் குப்பையில் போட்டுவிட்டேன். மறுநாள் அந்த இடத்தில் புது பிளேடு இருந்தது. யாராவது ஒருவர் கை வைத்ததும் அதையும் எடுத்துப் போட்டேன். இப்படி ஏழு பிளேடு போட்டேன். நாத்தனார் எலி வேலை என்று முடிவு கட்டினார். பிளேடு தின்கிற எலியை அவர் கேள்விப்பட்டது இல்லையாம். ஆனாலும் கண்ணாடிக்குப் பின்னால் எலி கேக் வைத்தார்.

அப்புறம்தான் அந்த வேண்டுதல். எனக்கு ஈரல் குணமாக வேண்டும் என்று, எளாவூர் தாண்டி ஆந்திரா பக்கம் இருக்கிற குலதெய்வத்துக்கு நாத்தனார் ஒன்பது தலை மொட்டை வேண்டிக்கொண்டார். நான், மகன், மருமகள், குழந்தை, நாத்தனார், அவர் புருஷன், இரண்டு மகன்கள், குழந்தைக்குத் தாய்மாமன் ஆகிற மருமகளின் தம்பி. என் புருஷன் வீட்டு வழக்கத்தில், ஒரு வேண்டுதலுக்கு ஒரே கத்திதான். நடுவில் கத்தி மாற்றினால் வேண்டுதல் இரண்டாக அறுந்துவிடும். யாருக்காக வேண்டியதோ அவர் தலை முதலில். அடுத்தது வீட்டிலேயே சின்னத் தலை. அதற்குப் பிறகு மற்றவர்கள்.

என் தலைக்கு அடுத்தது குழந்தையின் தலை, அதே கத்தியால். பதினோரு நாள் இருந்தது. தினமும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். ஒரு நாள் கீரை ஆயும்போது மருமகளிடம், "இந்த பிளேடு இருக்குதே..." என்று ஆரம்பித்தேன். "எலி இன்னும் செத்தபாடில்ல அத்தை" என்று அவள் எழுந்து போய்விட்டாள். பத்தாம் நாள் வேன் பேசிவிட்டார்கள்.

கோயில் ஒரு வயலை ஒட்டி. பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்குக் கலங்கல் தண்ணீரோடு ஒரு குட்டை. முடி இறக்க வந்தவர் எல்லைப் பக்கத்து ஆள், என் வயசு இருக்கும். பேச்சில் தெலுங்கு கலந்து வரும். எனக்குத் தனி மணைக்கட்டை கொண்டுவந்திருந்தார்கள். தண்ணீருக்குத் தனி மக்கு, தனித் துண்டு. நாத்தனார் இரண்டு கை தூரத்தில் நின்று எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தார். மடக்குக் கத்தியில் பாதி பிளேடைச் செருகி முடி இறக்குகிறவர் என் தலையில் வைத்தார். பாதித் தலை முடியும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பாதித் தலை முடிந்தது. முழுத் தலை முடியும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். காதுக்குப் பின்னால் சுருக்கென்றது. சூடாக ஒன்று கழுத்தில் இறங்கியது.

"ரத்தம் வந்தா நல்லதுதான். வியாதி எறங்குது" என்றார் நாத்தனார்.

அடுத்த கட்டையில் தாய்மாமன் சம்மணம் போட்டு, குழந்தையை மடியில் வைத்து, அதன் தலையை நனைத்திருந்தான். குழந்தை தண்ணீரை நக்கிப் பார்த்துச் சிரித்தது. என் கிருமி தண்ணீரில் போய்விடக் கூடாது என்று குழந்தைக்குப் புது மக்கு வாங்கி வந்திருந்தார்கள். என் மக்கில் கத்தியை முக்கி, துணியில் ஒரு இழு இழுத்து, அந்தப் புது மக்கில் முக்கினார் முடி இறக்குகிறவர்.

என் கை எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. கத்தியைப் பிடுங்கிக் குட்டையில் வீசிவிட்டேன்.

பொத்தென்று ஒரு சத்தம். எல்லாரும் குட்டையைப் பார்த்தார்கள். குழந்தை மட்டும் இன்னொரு தரம் வீசச் சொல்வதுபோல என்னைப் பார்த்தது. "இன்னாமே செஞ்ச?" என்றார் நாத்தனார். நான் மொட்டைத் தலையோடு நின்றேன். விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. நான் எண்ணியே பார்க்காத ஒன்று நடந்தது. மகன், நாத்தனாரின் இரண்டு மகன்கள், நாத்தனார் புருஷன் நான்கு பேரும் வேட்டி லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கத்தியைத் தேடக் குட்டையில் இறங்கிவிட்டார்கள். கலங்கல் தண்ணீர் ஆயிற்றே, கண்ணுக்குத் தெரியாது. அதனால் காலால் துழாவினார்கள். வெறுங்கால். கட்டைவிரலால் சேற்றைக் கிளறிக் கிளறி, பிளேடு தட்டுகிறதா என்று பார்த்தார்கள்.

"காலை வைக்காதீங்கடா! அதுல என் ரத்தம் கீதுடா!"

என் தொண்டையிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. நான்கு பேரும் ஒற்றைக் காலைத் தூக்கியபடி அப்படியே நின்றார்கள். நாத்தனார் புருஷனோடு முப்பது வருஷத்தில் நான் நேருக்கு நேர் நின்று பேசியது கிடையாது. அவர் வந்தால் உள்ளே போய்விடுவேன்.

"எங்க ஊட்டுக்காரரையா டா போட்ட?" என்றார் நாத்தனார். கிருமி, ரத்தம் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அது ஒன்றுதான் ஏறியது.

இனி மூடி வைக்க எதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. ஒரு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். டாக்டர் விரல் விட்ட மாதிரியே விரல் விட்டுச் சொன்னேன். சாப்பிட்டால் வராது, தொட்டால் வராது. ஊசி, பிளேடு, பிரஷ் என்று சொல்லிவிட்டு நான்காவதையும் சொன்னேன். பி-யும் டி-யும் பஸ் ஏறுவதைச் சொன்னேன். எலியும் நான்தான் என்று சொன்னேன். மூச்சு வாங்கியது. கடைசியாக நாத்தனார் பக்கம் திரும்பினேன்.

"ஒங்க தம்பி குடிச்சி சாகல அண்ணி. இதுலதான் செத்துருக்காருன்னு எனக்குத் தோணுது."

நாத்தனார் என் மணைக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார். அது எனக்கென்று ஒதுக்கி வைத்த கட்டை என்பதைக்கூட மறந்துவிட்டார். அவர் வாய் அவ்வளவு நேரம் மூடியிருந்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் அந்த பிளேடுல கால் ஆணி சீவிக்கினனே" என்றார்.

அங்கிருந்து ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். நாத்தனாரின் பெரிய மகன் அக்குளுக்கு எடுத்தானாம். சின்னவன் பரு கீறினானாம். நாத்தனார் புருஷன் குட்டைக்குள் ஒற்றைக் காலில் நின்றபடியே, தான் பல்லுக்கு நடுவே சிக்கிய கறியை எடுத்ததாகச் சொன்னார். "பிளேடாலயா?" என்று நாத்தனார் அவரைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. மருமகள் அழுதுகொண்டே, குழந்தை நகத்தை அதில் வெட்டியதாகச் சொன்னாள். எத்தனை முறை என்று கேட்டேன். ரெண்டு தரம், என்றாள்.

அடுத்து முடி இறக்குகிறவர் முன்னால் வந்தார். கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். ஓரத்தில் பழைய கீறல் ஒன்று இருந்தது.

"அப்ப எனக்கும் ஊசி போடணுமாம்மா?"

போட வேண்டும், டெஸ்டும் செய்ய வேண்டும் என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு, தன் பெட்டியைத் திறந்து காட்டினார். "முப்பது பிளேடு கீது. ஒரு வார்த்த கேட்டிருந்தா தலைக்கு ஒண்ணு மாத்திருப்பேன். இந்தம்மாதான் மாத்தக் கூடாதுன்னுச்சி. இப்ப பிளேடு கீது, செருகுற கத்தி இல்ல."

கத்தியை அப்படியே குட்டையில் விட்டுவிட்டுப் போக முடியாது. மாடு இறங்கும், பிள்ளைகள் இறங்கும். மருமகளின் தம்பிக்குக் கம்பெனியில் பழைய இரும்பு பிரிக்கிற வேலை. அங்கே காந்தம் வைத்து அள்ளுவார்கள். அவன் எளாவூர் செக்போஸ்ட் பக்கம் போய், லாரி மெக்கானிக்கிடமிருந்து ஸ்பீக்கர் காந்தம் ஒன்று வாங்கி வந்தான். அதைக் கயிற்றில் கட்டிக் கரையிலிருந்தே வீசி இழுத்தார்கள். முதலில் ஒரு மாட்டு லாடம் வந்தது. பிறகு சாமிக்குப் போட்ட காசு, ஒரு சைக்கிள் செயின், யாரோ வேண்டிப் போட்ட சின்ன இரும்பு வேல். வேல் வந்ததும் நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதைத் திரும்பக் குட்டையில் போடச் சொன்னார். போட்டார்கள். அடுத்த வீச்சில் மறுபடியும் அந்த வேலே வந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ தான் கத்தி வந்தது. முடி இறக்குகிறவர் ஒரு பழைய துணியால் பிடித்து, பிளேடைக் கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டு மூடினார். கத்தியை வெந்நீரில் முக்கி எடுக்கப்போவதாகச் சொன்னார். அது போதாது, எறிந்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். நான் சொன்னேன் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அன்று ஒரு தலைதான் மொட்டை. அம்மன் ஒன்றை வாங்கிக்கொண்டு எட்டை மன்னித்துவிட்டாள் என்று நாத்தனார் தீர்ப்புச் சொன்னார். மருமகள் அழுகைக்கு நடுவே தன் ஜடையை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த வாரமே ஒன்பது பேரும் சென்னைக்குப் போனோம். முடி இறக்குகிறவரும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். ரிசல்டுக்கு எட்டு நாள் என்றார்கள். அந்த எட்டு நாளும் மருமகள் என்னோடு பேசவில்லை. குழந்தை நகத்தை மட்டும் உற்று உற்றுப் பார்ப்பாள். திட்டியிருந்தால் தேவலை. நான் கேன்டீனில் ஒரே அண்டாவை மூன்று முறை தேய்த்தேன்.

எட்டாம் நாள் லேடி டாக்டர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். என் மகனுக்கு எப்போதோ பி வந்து, உடம்பே அதைத் துரத்திவிட்டிருந்தது. இனி அவனுக்குப் பயம் இல்லை. நாத்தனாருக்கு இல்லை. அவர் புருஷனுக்கு இல்லை. மகன்களுக்கு இல்லை, மருமகளுக்கு இல்லை, தம்பிக்கு இல்லை, முடி இறக்குகிறவருக்கு இல்லை. குழந்தையின் சீட்டு எங்கோ சிக்கிக்கொண்டு வரவில்லை. டாக்டர் இரண்டு காகிதக் கட்டைக் கலைத்துத் தேடினார். மருமகள் என் கையைப் பிடித்தாள். பிடிக்கிறோம் என்று தெரிந்து பிடித்தாளா என்று தெரியவில்லை.

"குழந்தைக்கும் ஒண்ணும் இல்லம்மா. மிச்ச ரெண்டு ஊசியையும் விடாம போட்டுடுங்க."

குழந்தைக்கு இரண்டாவது ஊசியும், இல்லை என்று வந்த பெரியவர்களுக்கு முதல் ஊசியும் அன்றே போட்டார்கள். நாத்தனார் ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரித் தூணைக் கட்டிக்கொண்டார். என்னுடையதைப் பற்றி, மாத்திரை மருந்தோடு கவனித்துக்கொண்டே வர வேண்டும் என்றார் டாக்டர். முழுதாகப் போகும் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பி வரும் ரயிலில் கூட்டம். மருமகளுக்கு உட்கார இடம் இல்லை. குழந்தையை என் மடியில் வைத்துவிட்டாள். மாதக்கணக்கில் தொடாத குழந்தை, கனம் கூடியிருந்தது. மொட்டையைத் தடவிப் பார்த்து என் காதைப் பிடித்து இழுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார், எதிரே வாயைத் திறந்து தூங்குகிற தன் புருஷனை ஒரு முறை பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தார். அந்த நாலாவது சொன்னாயே, அதில் எங்களுக்குப் பயம் உண்டா என்று கேட்டார். இருவருக்குமே இல்லை என்று வந்துவிட்டதே, பயம் இல்லை என்றேன். "சும்மா கேட்டு வச்சேன்" என்று நிமிர்ந்துகொண்டார்.

மீஞ்சூர் தாண்டும்போது மடியில் வெதுவெதுவென்று நனைந்தது. நாத்தனார் சட்டென்று குழந்தையை வாங்கக் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார்.

"மடியில வச்சினுருந்தா ஒட்டாதில்ல?"

"ஒட்டாது அண்ணி."

"அப்ப நீயே வச்சிக்க. எம் பொடவ புதுசு."